முப்பத்தெட்டுப் பேருக்கும் மலேரியா

எனக்கு ஆட்களை நம்ப வராது. கதவை யாராவது தட்டினால், ஏன் தட்டுகிறார் என்று யோசித்துவிட்டுத்தான் தாழ்ப்பாளில் கை வைப்பேன். மட்டக்களப்பில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பாதிப்பேர் இப்படித்தான். மீதிப்பேர் தாங்கள் அப்படியில்லை என்று பொய் சொல்வார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கனகசூரியம் சேரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதுகிறவளின் குணம் தெரியாவிட்டால் அவருக்கு நேர்ந்தது விளங்காது.

நாங்கள் இருவரும் ஒரே ஆங்கில மொழிப் பிரிவில் இருந்தோம். வாவிக்கரையில் ஒரு உயர்கல்வி நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம். ஆங்கில ஆசிரியர்களாகப் போகிற பிள்ளைகளுக்கு அங்கே டிப்ளோமாப் பயிற்சி. நான் போதனாசிரியை புஸ்பம். அவர் தகுதிகாண் விரிவுரையாளர். குறித்த காலத்துக்குள் ஆய்வுப் பட்டம் எடுத்தால் வேலை நிரந்தரம், எடுக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவருக்குக் கொடுத்த கடைசித் தவணை 2008 டிசம்பர்.

மெலிந்த மனிதர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பழைய சைக்கிள், மதியத்துக்குப் பாணும் கதலிப்பழமும். ஒருவரோடும் சண்டையில்லை, ஒருவரோடும் கூட்டுமில்லை. முதலில் நாலு வருடம் ஆய்வு செய்து ஆறு கொப்பி எழுதி வைத்திருந்தார். அந்தக் கொப்பிகளும், நாவலடி வீடும், வீட்டிலிருந்த அவருடைய அக்கா அன்னப்பூரணியும் 2004 டிசம்பர் இருபத்தாறாம் திகதி காலையில் கடலோடு போனார்கள். அன்று அவர் மருந்து வாங்க மட்டக்களப்பு ரவுனுக்கு வந்திருந்தார். ஜனவரியில் வேலைக்குத் திரும்பி வந்தவர் அதைப் பற்றி ஒரு சொல் பறையவில்லை. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. அழாத மனிதரை எப்படி நம்புவது?

அந்த வருடம் வகுப்புத் தொடங்கியதும் பயிற்சிப் புத்தகத்தில் முதல் பாடம், 'உங்கள் வீட்டை விவரியுங்கள்'. எத்தனை அறை, முற்றத்தில் என்ன மரம், ஜன்னலால் பார்த்தால் என்ன தெரியும் என்று இருவர் இருவராக ஆங்கிலத்தில் பேச வேண்டும். எங்கோ குளிர் நாட்டில் யாரோ எழுதியது. நான் வகுப்பில் சொன்னதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. 'தயாரிப்பு இல்லை' என்று குறிப்பெழுதிவிட்டு வந்தேன். அந்த வகுப்பில் எத்தனை பேருக்கு வீடு மிஞ்சியிருந்தது என்று எனக்குக் கண் இருந்தும் தெரியவில்லை, அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கனகசூரியம் சேர் அதே பாடத்தை அடுத்த வகுப்பில் வைத்தார். அவர்களும் பேசவில்லை. அவர் கோபிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் ஒரு பிள்ளை எத்தனை நொடி பேசாமல் இருக்கிறது என்று எண்ணினார். அதுதான் அவருடைய புதிய ஆய்வு. படிப்பு இடையில் முறிந்தவர்கள் எப்படி ஆங்கிலம் படிக்கிறார்கள், நாளை அவர்களே ஆசிரியர்களாக நிற்கும்போது பேசாத பிள்ளைக்கு எவ்வளவு நேரம் கொடுப்பார்கள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது நான் கண்டது வேறு. ஒரு மனிதர் வகுப்பறை மேசையில் சின்ன ரேப் ரெக்கோடரை வைக்கிறார். பிறகு வாகை மரத்தடியில் காதில் வயரைச் செருகிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். மாதத்தில் ஒரு தரம் கொழும்புக்குப் போகிறார். சோதனைச் சாவடியில் நாங்களெல்லாம் பையைக் கொட்டிக்கொண்டு நிற்க, அவரை மட்டும் இரண்டு சொல்லோடு விட்டுவிடுகிறார்கள். கொழும்பில் பேராசிரியரைப் பார்க்கிறேன் என்பார். பார்த்தது பேராசிரியரையா, நாடாவை வாங்கிக்கொண்டு போகிற வேறு ஆளையா, யாருக்குத் தெரியும்? அவர் வகுப்பு நடக்கும்போது நான் ஏதாவது சாட்டு வைத்துக் கதவடியில் போய் நிற்கத் தொடங்கினேன்.

2007 வந்தது. வாகரைப் பக்கம் சண்டை நடந்து, சனமெல்லாம் இடம்பெயர்ந்து முகாம்களில் கிடந்த காலம். ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற வெள்ளை வேன் என்றால் சின்னப் பிள்ளையும் வாயை மூடும். அந்த ஆவணி மாதத்தில் சேர் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து முப்பத்தெட்டுப் பயிலுநர்களுக்கும் கொடுத்தார். பெயர், பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடங்கள், படிப்பு முறிந்த வருடம், முறிந்த காரணம், அப்போது எங்கே இருந்தீர்கள், யாரோடு.

இந்தக் கேள்விகளை எங்களிடம் ஏற்கெனவே பலபேர் கேட்டிருந்தார்கள். அவர்கள் யாரும் ஆங்கிலம் படிப்பிக்க வந்தவர்களில்லை.

கதிரவெளிப் பிள்ளை தர்சினி படிவத்தை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மிஸ், இத நிரப்பினா இது எங்க போகும்?"

"ஏன் புள்ள, என்ன எழுதக் கிடக்கு உனக்கு?"

அவள் வாசலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இயக்கம் வீட்டுக்கு ஒரு ஆள் கேட்ட நேரம் அம்மா என்ன வவுணதீவில மாமிட வயல் வட்டைக்குள்ள காவல் வாடியில ஒளிச்சு வச்சிருந்தாங்க. ரெண்டு வருசம் பள்ளிக்குப் போகல்ல. இப்ப ஆமி கேட்டா, அந்த ரெண்டு வருசமும் நான் இயக்கத்தில இருந்தனெண்டுதான் நினைப்பாங்க. ஒளிச்சிருந்தன் எண்டா ஆரு நம்புற?"

நான் யோசிக்கவே இல்லை. "மலேரியா எண்டு எழுது மனே" என்றேன்.

அந்தக் காலத்தில் பதிவு என்று யார் வந்தாலும் ஒரு குடும்பம் முதலில் கூடிப் பேசி ஒரே பதிலை வைத்துக்கொள்ளும். ஆளுக்கொன்று சொன்னால்தான் ஆபத்து. அந்தப் பழக்கத்தில், தர்சினி மட்டும் எழுதினால் அவள் தனியே தெரிவாள் என்று, அன்று மாலைக்குள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஏறாவூர் மர்சூக் மட்டும், "எனக்கு உண்மையாவே ஒண்ணும் முறியல்லயே மிஸ்" என்றான். "உனக்கும் மலேரியாதான், பேசாம எழுது" என்றேன்.

அடுத்த நாள் சேர் படிவங்களைச் சேர்த்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்தாவதோ பதினொன்றாவதோ வந்ததும் கை நின்றது. பிறகு மிச்சத்தையும் பொறுமையாகப் பார்த்து முடித்து, தட்டிச் சீராக்கி, உறையில் போட்டார். என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அகப்பட்டுக்கொண்டான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம்கூட வந்தது.

ஆய்வேட்டை அடுத்த வருடம், கடைசித் தவணையான டிசம்பரில் கொடுத்தார். பதிவு செய்த ஒலிநாடாக்களை வைத்துத்தான் எழுதியிருந்தார், படிவங்களைத் தொடவில்லை. ஆனால் சேகரித்ததெல்லாவற்றையும் மூலப்பிரதியாக இணைக்க வேண்டும் என்பது விதி. 2009 மார்ச்சில் கொழும்பில் வாய்மொழித் தேர்வு. வன்னியில் சண்டை முடிவை நெருங்கிக்கொண்டிருந்த மாதம். அங்கே நடந்ததை அவர் சொல்லவில்லை. அங்கே பரீட்சை அலுவலகத்தில் வேலை பார்த்த என் மச்சாள் தனுஷியாதான் பிறகு சொன்னாள்.

தேர்வாளர் ஒருவர் படிவங்களைத் தூக்கிக் காட்டிக் கேட்டாராம், முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே மலேரியா வருத்தமா, அதுவும் ஒரே சொல்லிலா என்று. இவற்றை யார் நிரப்பியது? மூலையில் பெயர் சொல்லாத ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாராம். பிள்ளைகள் பயத்தில் பொய் எழுதியிருக்கிறார்கள் என்று சேர் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படி எதை மறைத்தார்கள் என்பதாகத்தான் இருக்கும். ஒவ்வொரு படிவத்தின் தலைப்பிலும் பிள்ளையின் ஊரும் பெயரும் இருந்தன.

"நான்தான் நிரப்பினேன்" என்றாராம்.

பட்டம் போனது. மோசடிக்காரன் என்ற பெயரோடு வேலையும் போனது. எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். "பாத்தா பசுப்போல, செஞ்ச வேலையப் பாத்தீங்களா?" அந்த அறையில் உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். தேநீரைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். மே மாதம் சண்டை முடிந்தது என்றார்கள். அப்போதும் வாய் திறக்கவில்லை. பயம் என்று சொல்லலாம். பயம் மட்டுமில்லை, அவருக்கு வேறு ஏதோ கணக்கு இருந்திருக்கும் என்று எனக்கு இன்னும் ஒரு எண்ணம் இருந்தது. சும்மா ஒருவர் தன் வாழ்க்கையைக் கொடுப்பாரா?

அடுத்த வருடம் தர்சினிக்கு அவள் ஊர்ப்பக்கமே ஆங்கில ஆசிரியை நியமனம் கிடைத்தது. கடிதத்தைக் காட்டவந்தவள் என் முன்னால் நின்று அழுதாள். "கனகசூரியம் சேர் எங்க மிஸ் இருக்கார்? அவர் எங்களக் காட்டிக்குடுக்கல்லயே" என்றாள். அவளுக்கு இருந்த புத்தி எனக்கு இருக்கவில்லை. அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

அந்தக் கிழமையே பரீட்சைச் சபைக்கு ஒரு கடிதம் எழுதினேன். மலேரியா என்று எழுதச் சொன்னது நான், அவருக்கு அதில் பங்கில்லை, என்னை விசாரியுங்கள். பிள்ளைகள் ஒருவரின் பெயரும் இல்லை. என் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து எல்லாம் போட்டேன். சேர் இருக்கும் இடத்தை விசாரித்து, அதை எடுத்துக்கொண்டு ஏறாவூருக்குப் போனேன். மர்சூக்குடைய வாப்பாவின் புடவைக்கடைக்கு மேல்மாடியில் சேர் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சட்டை அப்போதும் மடிப்புக் கலையாமல்தான் இருந்தது.

கடிதத்தை நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக நின்றேன்.

"இத ஆரு உங்களிட்ட எழுதச் சொன்ன மிஸ்?"

"ஆரும் சொல்லல்ல சேர். நானாத்தான் எழுதினன்."

"அப்ப ஏன் இப்ப?"

பதிலுக்குக் காத்திராமல், குரலையும் உயர்த்தாமல் அவரே சொன்னார். "ஒவ்வொரு நாளும் என்ட வகுப்புக் கதவடியில வந்து நிப்பீங்க. ஆரோ உங்கள என்னப் பாக்க விட்டிருக்காங்க எண்டுதான் நான் நினைச்சன். அந்தப் படிவம் வந்த அண்டைக்குக் கேக்க வாய் உன்னினது. நீங்க ஆர்ட ஆள் எண்டு தெரியாம எப்பிடிக் கேக்கிற?"

"நான் உங்களயும் அப்பிடித்தான் சேர் நினைச்சன்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாலு வருடம் ஒரே மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தவர்கள் நாங்கள். ஒருவரையொருவர் நம்பிக் கேட்டிருந்தால், படிவங்களைப் புதிதாக எழுதிக்கொள்ள அன்றைக்கு ஒரு பின்னேரம் போதுமாயிருந்திருக்கும். அவர் கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார்.

"கொண்டு போங்க. உங்கட பேரையும் உள்ள விட்டு, என்னையும் திரும்ப இழுக்கிறதுக்கு ஆருக்கோ இது தேவையாக் கிடக்கு" என்றார். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை நானே அதைப் பதிவுத் தபாலில் சபைக்கு அனுப்பினேன். அவருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன், உண்மையாகவே அனுப்பிவிட்டேன் என்று அவர் அறியட்டும் என்று. சபையிலிருந்து இன்றுவரை பதிலில்லை. அவருக்கு அனுப்பியது பத்தாம் நாள் திரும்பி வந்தது. பெறுபவர் ஏற்க மறுத்தார் என்று தபாற்காரர் உறையில் எழுதியிருந்தார். அழுதேன். ஆனால் அவர்மேல் கோபம் வரவில்லை. அனுப்பியவர் பெயரைப் பார்த்த பிறகு நானாக இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.