இரண்டு கையும் நன்றாக இருக்கிறவர்

என் கணவர் மரத்திலிருந்து விழுந்தது மிளகு பறிக்கிற சமயத்தில். நாகலூருக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் எஸ்டேட்டில், காப்பிக்கு நிழலாக வளர்த்த சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக் கொடி ஏறியிருக்கும். மூங்கில் ஏணியைச் சாய்த்து, அதன் உச்சிப்படியில் நின்று, இடுப்பில் கட்டிய சாக்குப் பைக்குள் பறித்துப் போட வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து வருடா வருடம் அவர் செய்த வேலை. அன்றைக்கு ஏணி வழுக்கியதா, கால் வழுக்கியதா என்று அவருக்கே தெரியவில்லை. சத்தம் கேட்டுப் பக்கத்து வரிசைக்காரர்கள் ஓடிப்போனபோது கண்ணைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தாராம். "என்ற காலு எங்க கெடக்குதுன்னு பாருங்க" என்று கேட்டாராம். கால் இரண்டும் அவர் உடம்போடுதான் இருந்தன.

முதுகுத்தண்டில் அடி, இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் தெரியாது என்று சேலத்தில் டாக்டர்கள் சொன்னார்கள். மிளகை மொத்தமாகப் பேசி எடுத்தவர் ஒரு வெளியூர் கான்ட்ராக்டர். எஸ்டேட்டில் கேட்டால் கான்ட்ராக்டரைக் கேள் என்றார்கள். கான்ட்ராக்டர் ஒரு தடவை பழப்பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அப்புறம் அவர் போனை எடுக்கவில்லை.

நானும் அந்த எஸ்டேட்டில் காப்பி பறிக்கிறவள்தான். என் பெயர் ஆள் கணக்கில் இருக்கிறவரை எஸ்டேட்டின் லைன் வீடு எங்களுக்கு. மேலே பஸ் போகும் ரோடு. ரோட்டோரத்தில் ஒரு டீக்கடை. அங்கிருந்து காப்பிச் செடிகளுக்கு நடுவே கல்லும் வேருமாக இறங்குகிற பாதையின் அடியில் எங்கள் லைன். ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவந்த அன்று நாலு பேர் போர்வையில் தூக்கி இறக்கினார்கள். மறுநாள் அவர்களுக்கெல்லாம் வேலை இருந்தது. அதற்குப் பிறகு நான்தான். விழுந்தபின் அவர் இளைத்துவிட்டார். முதுகில் ஏற்றிக்கொண்டு, அவர் கைகளை என் கழுத்தைச் சுற்றிப் போட்டு, வழியில் பாறை பாறையாக உட்கார்ந்து எழுந்து மேலே ஏறப் பழகிக்கொண்டேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. உடம்பைத் துடைப்பது, மூத்திரக் குழாய் மாற்றுவது, மலம் எடுப்பது, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான் செய்ய வேண்டும். புரட்டாவிட்டால் புண் வரும் என்று நர்ஸ் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஊனத்துக்கான அட்டை கிடைத்தது, மாத உதவியும் வந்தது. அது மருந்துக்கும் பஞ்சுக்கும் சரியாய்ப் போயிற்று. முழு நேரமும் ஒருவர் கூடவே இருந்து பார்க்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் என்றால், பார்த்துக்கொள்கிறவருக்கும் தனியாக உதவி உண்டு என்று அட்டை வாங்கிய இடத்தில் ஒரு அம்மா சொன்னார். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். மனுவை நானே எழுதிப் போட்டேன். பல மாதம் கழித்து, மதிப்பீட்டு முகாமுக்கு ஆளைக் கூட்டி வரும்படி கடிதம் வந்தது.

ஏற்காடு பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனார். நான் தோளைப் பிடித்துக்கொண்டு அடிவாரம் வரை நின்றேன். முகாம் சேலத்தில், ஒரு பெரிய ஹாலில். வரிசையில் எங்களைப் போலவே தாய்மார்கள், மனைவிகள், மடியில் பெரிய பிள்ளைகள். மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டரும் எழுதுகிற பெண்ணும். மறைப்பு எதுவும் இல்லை. கேட்பதும் சொல்வதும் பின்னால் நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்டது.

"தானா சாப்பிடுவீங்களா?"

"சாப்புடுவேனுங்க."

"பல் தேய்க்கிறது, சவரம்?"

"எல்லாம் நானே பண்ணிக்குவேனுங்க. கையி ரெண்டும் நொம்ப நல்லா இருக்குதுங்க." கையை நீட்டி விரலை மடக்கிக் காட்டினார். மரமேறிய கை. இன்னமும் உரமாகத்தான் இருந்தது.

"புரண்டு படுக்கிறது? பாத்ரூம்?"

"அதெல்லாம் பாத்துக்குவேனுங்க."

"இல்லீங்க டாக்டர், நாந்தானுங்க எடுக்கிறேன். ராத்திரியெல்லாம் நாந்தான் பொரட்டிப் போடறேனுங்க" என்றேன்.

என் கணவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நீ சும்மா இரு புள்ள" என்றார். பின்னால் யாரோ இருமினார்கள். டாக்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவர் சொல்றதத்தான்மா நாங்க எழுத முடியும்" என்றார். டாக்டர் கெட்டவர் இல்லை. வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

திரும்பி வரும்போது அடிவாரத்தில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. டிரைவர் டீ குடிக்க இறங்கிப் போனார். என் கணவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தன சனத்துக்கு முன்னால என்னன்னு புள்ள சொல்லுவேன்?" என்றார்.

அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்று தோன்றியது.

தகுதி இல்லை என்று பதில் வந்தது. திங்கள்கிழமை மனு நாளில் நான் மட்டும் சேலம் போனேன். சன்னலுக்குப் பின்னால் இருந்தவர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"நீங்க வேலைக்குப் போறீங்களாம்மா?"

"போறேனுங்க."

"அப்ப முழு நேரம் அவரைப் பாத்துக்கிறது யாரு?"

"நாந்தானுங்க."

"வேலைக்கும் போறீங்க, முழு நேரமும் பாத்துக்கிறீங்க. எப்படிம்மா?"

"வேலைய உட்டா ஊடு போயிருமுங்க. அது எஸ்டேட் ஊடுங்க. நான் வேலைக்குப் போனாத்தான் அவரு படுக்க எடமே இருக்குமுங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். "வீடு எங்க டிபார்ட்மென்ட் இல்லம்மா" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல, "கை நல்லா இருக்குன்னு போட்டிருக்கே. பேட்டரி நாற்காலிக்கு எழுதிப் போடுங்க, கண்டிப்பாக் கிடைக்கும்" என்றார்.

கிடைக்கவும் செய்தது. சேலத்தில் மேடை போட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்கு என் கணவர் முகத்தை நான் மறக்க மாட்டேன். ஏற்றி உட்கார வைத்து, கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் குச்சியை எப்படித் தள்ள வேண்டும் என்று ஒரு தம்பி சொல்லிக் கொடுத்தான். அவர் முன்னால் போனார், பின்னால் வந்தார், ஒரு வட்டம் அடித்தார். மைதானத்தைத் தாண்டிக் கேட் வரைக்கும் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். கேட்டுக்குப் பக்கத்தில் டீ விற்கிறவரிடம் அவரே இரண்டு டீ கேட்டு, ஒன்றை என்னிடம் நீட்டினார். விழுந்த பிறகு அவர் கையால் எனக்குக் கிடைத்த முதல் டீ.

"இனி ஞாயித்துக்கெழமை நாகலூருக்கு நானே போயி கறி வாங்கியாறேன்" என்றார்.

குட்டி யானை சரக்கு வண்டியில் நாற்காலியை ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தோம். டீக்கடை முன்னால் இறக்கினோம். அப்புறம் எல்லாரும் பாதையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஆட்கள் மூன்று பேர் சேர்ந்து ஒருமுறை தூக்கி இறக்கிப் பார்த்தார்கள். ஒருவருக்குக் கால் பிசகியது. கீழே கொண்டுபோனால் எங்கள் வீட்டு வாசலில் அது நுழையவும் இல்லை. மறுபடி மேலே ஏற்றி, டீக்கடையை ஒட்டிய தகரச் சாய்ப்பில் வைத்தோம். கடைக்காரர் நல்ல மனிதர், தன் கரண்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

முதல் சில ஞாயிற்றுக்கிழமைகள் நான் அவரை முதுகில் சுமந்து மேலே ஏற்றினேன். அவர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவார். பஸ் வந்தால் ஓரமாக நிறுத்துவார். மறுபடி இறக்கிக் கொண்டுவந்து போடும்போது என் முழங்கால் நடுங்கும். அவருக்கு அது தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்னிக்கு வேண்டாம் புள்ள, மழ வராப்புல இருக்குது" என்றார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பாதையைச் சரி செய்துவிட்டால் போதும் என்று நான் அலைய ஆரம்பித்தேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர், "மொதலாளி வெளியூர்ல இருக்காரு, எழுதிப் போடறேன்" என்றார். பஞ்சாயத்தில், தனியார் நிலத்தில் சிமெண்ட் போட அனுமதி இல்லை என்றார்கள். சேலத்து ஆபீஸில், "கருவி குடுக்கிறதுதான் எங்க வேலை, பாதை போடுறது இல்ல" என்றார்கள். ஒவ்வொருவரும் சொன்னது அவரவர் அளவில் சரிதான். ஏற்காட்டில் நடந்த ஒரு கூட்டத்துக்கும் போனேன். அங்கே பேசிய ஒரு பெண், "நீங்க கேட்கிறது சலுகை இல்ல, சட்டப்படி உங்க உரிமை" என்றார். மனசு நிறைந்து வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"அந்த உரிமையுந்தான் மேல ரோட்டுலயே நிக்குது போல" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மழைக்காலம் வந்தது. சாய்ப்புக்குள் சாரல் அடித்தது. ஓட்டாமல் நின்றதில் பேட்டரி செத்துப்போனது. கொடுத்த இடத்துக்குப் போன் செய்தால், வண்டியைச் சேலத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அதே சமயத்தில்தான் அவருக்கு இடுப்புக்குக் கீழே புண் வந்தது. காலையில் நான் வேலைக்குப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் ஓடி வர முடியும். இடையில் ஒரே பக்கமாகக் கிடப்பார். கையை ஊன்றி உடம்பைத் தூக்கப் பார்த்து, முழங்கை தோல் உரிந்திருக்கும்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் சேலத்து ஆபீஸ்காரர்கள் இருவர் ஜீப்பில் வந்தார்கள். நாற்காலியைப் பயனாளிதான் உபயோகிக்கிறாரா என்று பார்த்துப் போட்டோ எடுக்க வேண்டுமாம். டீக்கடைக்காரர் ஆள் அனுப்பினார். நான் பறிக்கிற கூடையோடு மேலே ஓடினேன்.

"ஏனுங்க, கீழ வந்து பாருங்க. பக்கந்தானுங்க. பாதையப் பாத்தீங்கன்னா உங்களுக்கே தெரியுமுங்க" என்றேன்.

இருவரில் பெரியவர் பாதையின் விளிம்பு வரை வந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. தன் ஷூவைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார். "வழுக்கும் போலிருக்கேம்மா. நீங்க அவரை இங்க கூட்டிட்டு வந்துடுங்களேன்" என்றார்.

"அவரால நடக்க முடியாதுங்க."

"தெரியும்மா. எப்படியாவது..."

எப்படியாவது என்றால் என் முதுகுதான். கீழே போய் அவரிடம் சொன்னேன். போட்டோ இல்லாவிட்டால் மாத உதவிக்கும் ஏதாவது வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். "தூக்கு புள்ள, போலாம்" என்றார். ஈரத்தில் வேரைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். பாதி வழியில் ஒருமுறை சறுக்கி முழங்காலில் விழுந்தேன். அவர் என் தலைக்கு மேலே காப்பிக் கிளையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைகளால்தான் இரண்டு பேரும் உருளாமல் நின்றோம்.

நாற்காலியைச் சாய்ப்பிலிருந்து வெளியே தள்ளி, துடைத்து, உட்கார வைத்தார்கள். புண் மேல் உட்கார்ந்த வலி அவருக்குத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும், துணியில் ஈரம் படர்வது தெரிந்தது.

"குச்சியில கை வைங்க. இங்க பாருங்க. கொஞ்சம் சிரிங்க."

அவர் சிரித்தார். போட்டோ நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். பேட்டரி வேலை செய்யவில்லை என்று நான் சொன்னதை இளையவர் குறித்துக்கொண்டார். ஜீப் போய்விட்டது.

"செத்த நேரம் இங்கயே இருக்கட்டுமா?" என்று அவர் என்னிடம் கேட்டார். சேலத்திலிருந்து ஒரு பஸ் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. இறங்கியவர்களில் பழைய கூட்டாளி ஒருவர் இவர் தோளைத் தட்டி, "பரவால்ல, வண்டியெல்லாம் வந்துருச்சு" என்றார். இவர் தலையை ஆட்டினார். தூறல் வலுக்கும்வரை இருந்தோம்.

அதற்குப் பிறகு நாற்காலியில் உட்கார அவர் மேலே வரவில்லை. புண் ஆழமாகி, ஆஸ்பத்திரியில் கிடந்து, சுரண்டி எடுத்து, திரும்பக் கொண்டுவந்தோம். இப்போது இரண்டு பக்கமும் புண் இருக்கிறது. மறுபடி மதிப்பீட்டுக்கு மனுப் போடலாம் என்று ஆஸ்பத்திரியிலேயே ஒருவர் சொன்னார். முகாம் சேலத்தில்தான். அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார வைத்துக் கொண்டுபோனால் புண் என்ன ஆகும் என்று அவரிடமே கேட்டேன். வேறு வழி இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். அவருக்கும் என் நம்பர் தெரியும், எனக்கும் அவர் நம்பர் தெரியும். இன்னும் போன் வரவில்லை.

நான் வேலைக்குப் போகிறேன். போகும் முன் தண்ணீரும் போனும் கைக்கு எட்டுகிற மாதிரி வைப்பேன். திருப்பிப் போட ஆள் இல்லாத அந்த நேரத்தில்தான் புண் வளர்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. இன்று காலையும் கிளம்பும்போது கேட்டேன்.

"ஏனுங்க, எந்தப் பக்கம் போடட்டும்?"

"ஏதோ ஒரு பக்கம் போடு புள்ள" என்றார்.

சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனேன்.