அதட்டாத பிழைச் செய்திகள்

பெண்ணாடத்தில் ஒரு திருமணத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். கல்லூரியிலிருந்து அழைப்பு. "அமுதா மேடம் தவறிட்டாங்க சார், காலையில." அவ்வளவுதான் காதில் விழுந்தது. நம் மொழிபெயர்ப்புக் குழுவில் உங்களுக்கெல்லாம் அதைச் சொல்ல வேண்டியவன் நான். அந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் விருத்தாசலமே வந்துவிட்டது.

அமுதாவும் நானும் ஒரே கணினி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள். நிரல் எழுதுகிறவர்கள் தப்பு செய்தால் திரையில் ஆங்கிலத்தில் வந்து விழுமே, அந்தப் பிழைச் செய்திகளைப் பல மொழிகளுக்குக் கொண்டுபோகும் இந்த வேலையில் தமிழ் எங்கள் பங்கு. தெலுங்கும் மலையாளமும் பார்த்த நண்பர்களுக்குத் தெரியும், நாங்கள்தான் எப்போதும் கடைசி. காரணம் அமுதா. எந்தப் பிழையையும் தானே செய்து பார்க்காமல் அதன் செய்தியைத் தொட மாட்டார். நன்றாக ஓடுகிற நிரலில் வேண்டுமென்றே ஓர் அடைப்புக்குறியைப் பிடுங்கிவிட்டு, திரை கத்துவதைக் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். "நாமளே ஒருவாட்டி மாட்டிக்கணும் சார், அப்பதான் எழுத வரும்" என்பார்.

எழுதியதும் நேரே குழுவுக்கு அனுப்ப மாட்டார். முதலில் அவர் கணவர் செல்வம் கேட்க வேண்டும். செல்வம் பீங்கான் கம்பெனியில் சூளை பார்ப்பவர். சட்டையெல்லாம் வெள்ளை மண்ணோடு வந்து சாப்பிட உட்காருவார். அமுதா பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவார். 'செல்லாத உள்ளீடு' என்று நான் இரண்டே சொல்லில் முடித்திருந்ததைக் கேட்டுவிட்டு, செல்வம் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "திட்டுறாப்புல இருக்குது" என்றாராம். மறுநாள் அது 'இங்கே எண் வர வேண்டும். எழுத்து வந்திருக்கிறது' என்று மாறியிருந்தது.

நான் சண்டைக்குப் போனேன். எனக்குச் சுருக்கமாக இருக்க வேண்டும். "என்னா சார், தந்தியா குடுக்குறீங்க?" என்று அமுதா சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "தப்பு பண்ண புள்ள ஏற்கெனவே பயந்துபோய் உக்காந்திருக்கும். நாம வேற எதுக்கு அதட்டணும்?"

கடைசியில் ஒரே ஒரு செய்தி மிஞ்சியது. நிரல் எழுதியவர் எதுவும் செய்யாமலே, நிரல்மொழியின் கருவி தனக்குள் பழுதாகி நின்றுவிட்டால் வருவது. எத்தனை விதமாக உடைத்துப் பார்த்தும் அமுதாவால் அதை வரவழைக்க முடியவில்லை. "வரட்டும் சார், எங்க போயிடப் போவுது" என்றார். மற்ற மொழிகளெல்லாம் முடிந்தும் தமிழில் அந்த வரி காலியாகவே இருந்தது. அதற்குள் அவர் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். செல்வம் எதிரே உட்கார்ந்து, யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். "முதநாளு நெஞ்ச கரிக்குதுன்னு சொல்லுச்சு சார். நாந்தான் வாயுவா இருக்கும்னு சோடா வாங்கியாந்து குடுத்தேன். குடிச்சிட்டுப் படுத்துக்கிச்சு." உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருந்தது, வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதுவும் செல்வத்துக்குத் தெரியும். தெரிந்தும் சோடாவைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவரே கேட்டார்: "ஒண்ணு பாக்கி இருக்குதுன்னு சொல்லிட்டிருந்துச்சே, அது என்னா சார்?"

அந்தப் பிழையை நானும் செய்து பார்த்தவனில்லை. இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அமுதா எழுதியிருந்தால் எப்படி எழுதுவார் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் யோசித்தேன். எழுதி, அமுதாவின் வழக்கப்படி செல்வத்துக்குப் படித்துக் காட்டினேன். 'பழுது உள்ளே நேர்ந்திருக்கிறது. நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை.'

செல்வம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. துண்டுக்குள்ளிருந்தே, "இது திட்டலைங்க சார்" என்றார். "இன்னொரு தரம் படிங்க."

படித்தேன். நானும் அழுதேன்.

அந்த வரியைத்தான் அன்று உங்களுக்கு அனுப்பினேன். அமுதாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, எழுதியதை அனுப்புமுன் ஒருவருக்குப் படித்துக் காட்டும் பழக்கம். புதிய செய்திகள் வந்து குவிந்திருக்கின்றன. செல்வம் சாப்பாட்டு நேரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்.