சொல்லுக்குள் ஒரு தகப்பன்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆங்கிலம் படித்தவள். இதைச் சொல்லிக்கொள்ள நான் என்றைக்கும் கூச்சப்பட்டதில்லை. அரிமளம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து புதுக்கோட்டைக் கல்லூரிக்குப் பேருந்தில் நின்றுகொண்டே போய்வந்த நாட்களில், சொற்களைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. ‘கம்பெனி’ என்பதற்குப் பழைய பொருள், கூடி உட்கார்ந்து ரொட்டி தின்றவர்கள். அதைத் தெரிந்துகொண்ட அன்று, சவுதியில் கம்பெனி வேலையில் இருந்த அப்பாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

“குப்பூஸு ரொட்டிய நாங்கதான் திங்கிறோம், ஆத்தா. மொதலாளி எங்க எங்ககூட ஒக்காந்தான்?” என்று சிரித்தார்.

அந்த அப்பா அங்கேயே, தங்கியிருந்த அறையில், தூக்கத்தில் இறந்துபோனார். கூட இருந்தவர்கள் போன் செய்து சொன்னார்கள். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அவரை ஊருக்குக் கொண்டுவர வேண்டும்.

சித்தப்பா, “மீமிசல்ல ஒரு ஆளு இருக்காராம், இந்த மாதிரி ரெண்டு மூணு பேரைக் கொண்டாந்து சேத்தவராம். போய்ப் பாப்பமா?” என்றார்.

“வீட்லயே இங்கிலீஷ் படிச்ச புள்ள இருக்கையில வெளியாளு எதுக்குங்க?” என்றாள் சித்தி.

“அதுவுஞ் சரிதான். நல்லாக் கடுமையான இங்கிலீஷா எழுதுத்தா. கம்பெனிக்காரன் டிக்சனரிய எடுத்துல்ல படிக்கணும்.”

நல்ல ஆங்கிலத்துக்கு ஆட்கள் மசிவார்கள் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். நானும் நம்பினேன். கம்பெனிக்கு நானே மெயில் எழுதினேன்.

இறந்தவரைச் சொந்த நாட்டுக்கு அனுப்புவதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் ‘ரிபேட்ரியேஷன்’. முன்னால் இருக்கும் ‘ரி’ என்றால் திரும்ப. அடுத்து வருவது ‘பேட்ரியா’. நாம் தாய்நாடு என்கிறோம், லத்தீனில் அது தகப்பன் நாடு. அதற்கும் உள்ளே ‘பேட்டர்’, தகப்பனேதான். ஒவ்வொரு மெயிலிலும் அந்தச் சொல்லை அடித்தேன். ஒவ்வொரு முறையும் அதற்குள் அப்பா படுத்திருந்தார். அங்கிருந்து அவர் அசையவே இல்லை.

‘கைண்ட்லி’ பொறுத்திருங்கள் என்று பதில்கள் வந்தன. ‘கைண்ட்’ என்பது இரத்த உறவைக் குறிக்கும் ‘கின்’ என்ற சொல்லோடு கூடப் பிறந்தது. முகம் தெரியாத ஒருவன் உறவுமுறையில் என்னைப் பொறுத்திருக்கச் சொன்னான்.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் பிணத்தை எடுக்கும்வரை அடுப்பு பற்றவைப்பதில்லை. அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் சாவுக்கு ஏற்பட்ட வழக்கம் அது. வாரக்கணக்கில் வந்து சேராத பிணத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. முதலில் தூக்குவாளி நிறைய சாம்பாரும் சோறும் வந்தன. பிறகு வெறும் சோறு. பிறகு எதிர்வீட்டு அக்கா வெறுங்கையோடு வாசலில் நின்றாள்.

“கோவிச்சுக்காதீங்க மதினி. நூறு நாள் வேலைக்குப் போயிட்டு வந்து ஆக்கித் தாரேன்.”

சித்தி மெதுவாக அம்மாவிடம், “கேஸ் அடுப்புதானேக்கா, பத்த வச்சா என்ன?” என்றாள்.

“எடுக்காம எப்புடிடி பத்த வைக்கிறது? கேஸுல எரியிறதும் தீதானே?”

கடைசி மெயில் ஒரு காலையில் வந்தது. ‘ரிக்ரெட்’ என்று தொடங்கியது. பழைய பிரெஞ்சில் அது செத்தவரை நினைத்து அழுவதைச் சொன்ன சொல். ஒரு காலத்தில் ஒப்பாரி வைத்த சொல் இன்று அலுவலகக் கடிதங்களின் முதல் வரியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உடலை இனியும் வைத்திருக்க முடியாது, அங்கேயே அடக்கம் செய்யக் குடும்பத்தின் சம்மதம் தேவை என்று எழுதியிருந்தார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“அம்புட்டு எழுதுனியே, அதுக்கு இதான் பதிலா?”

“இதாம்மா.”

“போன்லயாச்சும் மொகத்தக் காட்டுவாங்களா?”

கேட்டு எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. சித்தப்பா எங்கெங்கோ போன் போட்டுப் பார்த்து ஓய்ந்துபோனார். பிறகு ‘நோ அப்ஜெக்ஷன்’ என்று சம்மதக் கடிதம் எழுதினேன். ‘அப்ஜெக்ஷன்’ என்றால் ஒன்றை எதிரே எறிவது. எங்கள் கையில் எறிவதற்கு ஒன்றுமில்லை. என் வாழ்நாளில் நான் எழுதிய பிழையே இல்லாத ஆங்கிலம் அதுதான். அதற்கு மட்டும் சற்று நேரத்திலேயே பதில் வந்தது: நன்றி.

அடக்கம் நடக்கும் நேரத்தை அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த நேரத்துக்குப் பெண்கள் வந்து கூடினார்கள். எப்போதும் பிணத்தைச் சுற்றி, தோளோடு தோள் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள். அன்றைக்கு எங்கே உட்காருவதென்று தெரியாமல் முற்றத்தில் நின்றார்கள்.

அம்மா என்னைப் பார்த்தாள். “சவுதி எங்கிட்டு இருக்கு?”

மேற்கே கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகையின் சிமெண்டு ஓடு தெரிந்தது. பெண்கள் எல்லோரும் அந்த ஓட்டைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அம்மா மட்டும் உட்காரவில்லை.

“நல்லாப் பாத்துச் சொல்லுத்தா. தப்பான பக்கம் பாத்து அழுதுறப் போறேன்.”

போனில் வரைபடத்தைத் திறந்தேன். மேற்கும் கொஞ்சம் வடக்கும். அம்மாவின் தோளைப் பிடித்துச் சற்றே திருப்பிவிட்டேன்.