பதினாறு மடங்கு வேகத்தில் நான்

இன்று தி.நகர் புடவைக் கடை ஒன்றில் போனைத் தொலைத்தேன். சைலண்டில் இருந்ததால் அழைத்துப் பார்த்தும் பயனில்லை.

"கவலப்படாதீய சார், கேமராவுல பாத்துருவோம்" என்றார் முதலாளி அண்ணாச்சி. கல்லாவுக்குப் பின்னால் இருந்த ரெக்கார்டரில் மெனுவைத் திறந்து, எங்கள் பக்கத்துக் கேமராவையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தார். ஒரு மணி நேரத்தை யார் பார்ப்பது என்று வேகத்தைப் பதினாறு மடங்காக்கினார்.

திரையில் புடவைகள் பறந்தன. என் மனைவி சுதா ஒவ்வொன்றாகத் தோளில் போட்டு என் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் நாற்காலியில் போனைப் பார்த்தபடி இருந்தேன்.

"அண்ணாச்சி, படம் நின்னுபோச்சா?" என்றாள் சுதா.

"இல்லம்மா, ஓடிட்டுத்தான் இருக்கு. சாருதான் அசையல."

கடைசியில் நான் போனைக் குவியல்மேல் வைப்பதும், விற்பனைப் பெண் அதையும் சேர்த்துப் புடவையை மடிப்பதும் தெரிந்தது. போன் கிடைத்துவிட்டது. கிளம்பலாம் என்றேன்.

"இருங்க. அண்ணாச்சி, கொஞ்சம் பின்னாடி போங்க. அந்த மாம்பழக் கலர்கிட்ட நிறுத்துங்க."

நிறுத்தினார்.

"இதுக்குத்தான 'உனக்கு எடுப்பா இருக்கு'ன்னீங்க? நிமிரவே இல்லையே!"

அந்தப் புடவைக்கு பில் போட்டாகிவிட்டது. பை என் கையில்தான் இருந்தது.

பதினைந்து நாளில் பதிவு தானாக அழிந்துவிடும் என்று அண்ணாச்சி என் காதில் ஆறுதல் சொன்னார். அதற்குள் சுதா, மீட்ட என் போனாலேயே திரையைப் படம்பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்.

எல்லோரும் சிரிக்கிறார்கள். மாமனார் மட்டும், "அந்தக் கடையில நாற்காலி சௌகரியமா இருக்கும் மாப்ளே" என்று எழுதியிருக்கிறார்.

அங்கே உட்கார்ந்த மற்றவர்களும் கையைத் தூக்கலாம்.