வேலாயுதத்தின் மேல் ஒட்டிய சொல்

வேலாயுதம் அண்ணன் இறந்த செய்தி, பதுளை பஸ் நிலையச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. 'மறுமலர்ச்சித் தளபதி மறைந்தார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அவரை அறிந்தவர்களுக்கு ஏனென்று சொல்ல வேண்டியதில்லை.

அவர் எங்கள் தொழிற்சங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். நான் பக்கத்து மேசைக் கிளார்க். கொழும்புத் தலைவர்களின் ஆங்கிலப் பேச்சைத் தேயிலைத் தோட்டத்து மேடைகளில் தமிழில் சொல்வது அவர் வேலை. அந்தச் சமயத்தில்தான் 'மறுமலர்ச்சி' என்ற சொல் கிளம்பியது. முதலில் பத்திரிகைத் தலையங்கத்தில் வந்தது, பிறகு மேடையேறியது, வருஷம் திரும்புவதற்குள் பண்டாரவளையில் மறுமலர்ச்சி சலூன் திறந்துவிட்டார்கள். கத்தரிக்கோலும் ஆளும் பழையவைதான். ஒரு ஜவுளிக்கடைக்காரர் விற்காமல் கிடந்த சேலைகளுக்கு அந்தப் பெயரை வைத்து விற்றுத் தீர்த்தார். "சொல்ல ஒண்ணுமில்லாதவனுக்கு இந்தச் சொல்லு நல்லா ஒத்தாச பண்ணுது" என்பார் வேலாயுதம்.

மடுல்சீமைத் தோட்டத்தில் ஒரு கூட்டம். கொழும்பிலிருந்து வந்த தலைவரின் கார் பாதி வழியில் நின்றது; அதற்கு மேல் ரோடு கிடையாது. தொழிலாளர்கள் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள். கூட்டத்தில் மீனாட்சி என்ற கொழுந்து பறிக்கும் பெண் எழுந்து கேட்டார்: "நீங்க வந்த இதே பாதையிலதாங்க பிரசவ வலியில எம்மகளத் தூக்கிட்டுப் போனோம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள செத்துட்டா. ரோடு எப்பங்க வரும்?"

வேலாயுதம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். தலைவர் கால் மணி நேரம் பதில் பேசினார். முடிவில் தமக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லான மறுமலர்ச்சியைக் கைகளை உயர்த்தி முழங்கினார். சங்க நிர்வாகிகள் கைதட்டினார்கள். வேலாயுதம் மீனாட்சியைப் பார்த்து மொழிபெயர்த்தார்: "அம்மா, ஐயா ரோட்டப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க."

அதன்பிறகு நாற்காலியைத் தூக்க ஒருவரும் வரவில்லை. தலைவர் சேற்றில் நடந்தே இறங்கினார். அதற்கு ஒரு பத்திரிகை 'மறுமலர்ச்சிப் பாத யாத்திரை' என்று தலைப்புப் போட்டது. வேலாயுதத்தின் வேலை போயிற்று. பதுளை அறையைக் காலி செய்துவிட்டு மடுல்சீமையில் தங்கையின் லயக் காம்பராவுக்கு, தொழிலாளர் வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறைக்குப் போய்ச் சேர்ந்தார்.

"கொஞ்சம் பூசி மெழுகியிருக்கலாமேண்ணே" என்றேன்.

"அந்தம்மா ரோட்டத்தான கேட்டாங்க? வராத பதில வந்ததா நான் எப்பிடிச் சொல்றது?" என்றார்.

அவரைத் துரத்திய அதே நிர்வாகிகள்தான் இப்போது நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். வெட்கம் என்பது அவர்களுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. காய்ச்சல் முற்றிய வேலாயுதத்தைத் தோட்டத்து ஆட்கள் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு அதே பாதையில் இறங்கினார்களாம். கார் நிற்கும் இடம் வருவதற்குள் உயிர் போய்விட்டது என்று தங்கை சொன்னார். தூக்கியவர்களில் மீனாட்சியும் ஒருவர்.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சலிக் கூட்டம். என்னையும் பேச அழைத்திருக்கிறார்கள். யார் எதை முழங்கினாலும், கேட்டதற்குப் பதில் வந்ததா என்று பார்க்கும் குணம் ஒன்றைத்தான் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் பேசி முடிக்கட்டும். நான் எழுந்து, ரோடு எப்போது வரும் என்று கேட்பேன்.