வேப்பரைசருக்குப் புடவை கட்டியவள்

இசைப்பிரியாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வயிறு எரியும். எரியட்டும், சொல்கிறேன்.

காடாம்புலியூர்க்காரி. அம்மா முந்திரி உடைத்துப் படிக்கவைத்த பெண். டிப்ளமா முடித்து, மந்தாரக்குப்பத்தில் எங்கள் நைட்ரஜன் சிலிண்டர் நிரப்பும் கம்பெனிக்கு வந்தாள். வந்த அன்றே முதலாளி சிங்காரவேலு முதல் லாரி டிரைவர் வரை எல்லார் வாயிலும் ‘பிரியா, பிரியா’தான். அவளுக்கு முன்பிருந்தே ஆபரேட்டராக இருக்கும் இந்த அம்சவல்லி யார் கண்ணுக்கும் தெரியவில்லை. சூப்பர்வைசர் வேலை காலியாக இருந்தது. எங்கள் இருவரில் ஒருத்திக்குத்தான் அது. ஆயுத பூஜைக்கு மறுநாள் சொல்வதாகச் சொல்லியிருந்தார் முதலாளி.

எங்கள் பிழைப்பே காற்றை நம்பித்தான். டேங்கில் நைட்ரஜன் கடுங்குளிரில் தண்ணீர்போல இருக்கும். வெளியே நிற்கும் வேப்பரைசரின் குழாய்களில் அது ஓடும்போது, அலுமினியத் தகடுகளுக்கு நடுவே நுழையும் காற்று தன் சூட்டைக் கொடுத்துவிட்டுக் கனத்துக் கீழே இறங்கும். மேலிருந்து புதுக்காற்று வரும். அந்தச் சூட்டில்தான் திரவம் வாயுவாகிறது.

பூஜையன்று இசைப்பிரியா அந்த வேப்பரைசருக்கே மஞ்சள் பட்டுப்புடவையை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டி, மாலை போட்டு, சந்தனம் வைத்திருந்தாள். அம்மன் மாதிரியே இருந்தது, பாவி! முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“கண்ணு பட்டுடப் போவுது பிரியா!”

படாமல் என்ன? நான் அங்கேதானே நின்றேன்.

கற்பூரம் காட்டியதும், சுபமாக இருக்கட்டுமென்று திரவத்தைத் தள்ளும் பம்பைப் போடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சிலிண்டருக்குப் போகும் குழாயில் வெண்பனி பூத்தது. எனக்குப் புரிந்துவிட்டது. புடவைக்குள் காற்று அசையவில்லை, திரவம் அதே குளிரோடு வருகிறது. சிலிண்டருக்குள் போனால் இரும்பு விண்டுவிடும். பக்கத்தில் நிற்பவள் அவள்தான்.

ஓடிப்போய்ப் பம்பை நிறுத்தினேன். புடவையைப் பிடித்துக் கிழித்தேன்.

“அடியே, இப்படிச் சுத்திகினா காத்து எப்படிடி போவும்!”

“பொறாம புடிச்சவளே, சாமி புடவையக் கிழிக்கிறியே!” என்று முதலாளி என்மேல் பாய்ந்தார்.

இசைப்பிரியா குறுக்கே வந்தாள். “அக்காவத் திட்டாதீங்க சார். காத்த மறைச்சிக் கட்டுனது என் தப்புங்க. அக்கா இல்லன்னா நான் செத்திருப்பேன்” என்று அழுதாள்.

முதலாளி உருகிவிட்டார். “தப்ப இப்படி ஒத்துக்கிற மனசு யாருக்கு வரும்?” என்றார். மறுநாள் சூப்பர்வைசர் அவள்தான்.

ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட மந்தாரக்குப்பம் முழுக்கச் சொல்லித் திட்டித் தீர்த்திருப்பேன். சண்டாளி, அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டாள்.