பேக்கிங் பவுடர் டப்பாவில் பிறந்த ஓவியர்

வில்பர் ஹாக்ஸ்டன் என்றொரு ஓவியர் இந்த உலகத்தில் பிறக்கவே இல்லை. அவரை உண்டாக்கியவள் நான். பொய் சொல்லி உண்டாக்கினேன். அந்தப் பொய்யால் ஒரு வயதான பெண்மணியின் பெயரை அவரிடமிருந்து பறித்துக்கொண்டேன்.

இதோ, சொல்லிவிட்டேன்! இத்தனை வருடங்கள் தொண்டையில் நின்ற முள்... இனி நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு நினையுங்கள். ஏனென்றால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் அதிகம் சிரித்த வருடங்களும் அவைதான்.

என் பெயர் லூர்து. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் குடியிருக்கிறோம். விடுதிப் பிள்ளைகளின் சீருடைகளுக்குக் கிழிசல் தைத்து, பொத்தான் வைத்துக் கொடுப்பது என் வேலை. என் கணவர் செபஸ்தியான் ஒரு பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவர் அம்மா துரை பங்களாவில் வேலை பார்த்தாராம். துரையின் பிள்ளைகள் படித்துப் போட்ட அமெரிக்கப் படக்கதைப் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்தே இவர் ஆங்கிலம் கற்றுக்கொண்டார்; எனக்கு அது பள்ளியில் வந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களோடு கப்பலிறங்கி, மண்டபம் முகாமில் ஓர் எண்ணாக வரிசையில் நின்றபோது அவருடைய பெட்டியில் இரண்டு வேட்டியும் ஒன்பது படக்கதைகளும் இருந்தன. கல்யாணமான புதிதில் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தேன்.

“ஏங்க, நாலு பாத்திரம் பண்டம் கொண்டாராம இதையா சொமந்துக்கிட்டு வந்தீங்க?”

“பாத்திரம் எங்கயும் வாங்கலாம் லூர்து. இந்தப் பொஸ்தகம் எங்க கெடைக்கும்?” என்றார்.

எங்கே கிடைத்தது தெரியுமா? அவர் வேலை பார்த்த பேக்கரியில்! இங்குள்ள பள்ளியில் வேலை முடிந்து ஊருக்குத் திரும்பிப் போகும் அமெரிக்கக் குடும்பங்கள் பழைய தாள்களை எடைக்குப் போட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் முதலாளி அதை வாங்கி வந்து பன் சுற்றுவார். அந்தக் குவியலில் நாற்பதுகளில் வந்த படக்கதைகள் கிடந்தன. அட்டை கிடையாது, முன்பாதி கிடையாது, சிலவற்றில் நடுவில் நான்கு பக்கம்தான் மிச்சம். அதைக் கண்ட நாள்முதல் இவர் வீட்டிலிருந்து செய்தித்தாளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, படக்கதைத் தாள்களை மீட்டு வருவார். எங்கள் வீடு முழுக்க வெண்ணெய் வாசனை அடிக்கும்.

அந்தப் புத்தகங்களில் முன்பக்கம் பெரிய வீரர்களின் கதை. பின்னால், இடத்தை நிரப்ப, ஐந்தாறு பக்கங்களில் சின்னச் சின்னக் கதைகள். வரைந்தவர் பெயர் இருக்காது. எந்தப் புத்தகம், எந்த மாதம், யார் கை... இதைக் கண்டுபிடிப்பதற்கென்றே உலகத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது, நம்புவீர்களா! ஒஹாயோவில் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாசன் என்பவர், எட்டுப் பக்கத்தில் ஒரு சைக்ளோஸ்டைல் இதழ் போட்டு அந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்த்தார். இங்கே ஆசிரியராக இருந்த ஓர் அமெரிக்கர் எங்கள் பெட்டியைப் பார்த்து அசந்துபோய் அவருடைய முகவரியைக் கொடுத்தார். நாங்கள் எழுதிப் போட்டோம்; நீலநிற ஏரோகிராம் கடிதங்கள் மலையேறி வரத் தொடங்கின.

இவர் தாளை ஆராய்வார். புத்தகத்தைத் தைத்திருந்த கம்பி ஊசித் துளைகளின் இடைவெளியை என் தையல் டேப்பால் அளப்பார். பின்பக்க விளம்பரத்தைப் படித்து மாதத்தைச் சொல்வார். நான்... நான் துணியைப் பார்ப்பேன்!

ஆம், படத்திலிருக்கும் துணியை. சிரிக்காதீர்கள். முகத்தை எந்த ஓவியரும் மாற்றி மாற்றி வரைந்துவிடலாம். சட்டையை வரையும்போது மாட்டிக்கொள்வார். ஒருவர் பொத்தானை வரைவார், அது நுழைவதற்குக் காஜாவே இருக்காது. இன்னொருவருடைய ஆண்களுக்கெல்லாம் கோட்டு, வலப்பக்கம் மேலே வந்து, பெண்களுடையதைப் போல மூடும். அதை வைத்து, வேறு வேறு புத்தகத்தில் வந்த இரண்டு கதைகள் ஒரே கை என்று சொன்னேன். அந்த ஓவியரே உயிரோடிருந்து “ஆமாம், இரண்டும் நான்தான்” என்று டாசனுக்கு எழுதிவிட்டார்!

அந்த இதழ் வந்த அன்று என் கணவர் தெருவில் அத்தனை பேருக்கும் பிளம் கேக் கொடுத்தார். ‘கொடைக்கானல் திருமதி லூர்துவின் கண்’ என்று அச்சில் இருந்ததை மீன்காரரிடம்கூடக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கண் அமெரிக்கா வரைக்கும் போய்விட்டதே!

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அடுத்த வருடம் டாசன் ஒரு கதையைப் போட்டு, இது யார் கை என்று கேட்டிருந்தார். கதையின் பெயர் ‘டெசர்ட் மெயில்’. பாலைவனத்தில் தபால் லாரி ஓட்டும் ஒரு பெண், கூடவே மூன்று கால் நாய். பெயர் தெரியாத அந்தக் கையை அதற்கு முன்பே எங்கள் பன் தாள்களில் கண்டு நாங்கள் இருவரும் கிறங்கிப் போயிருந்தோம். ஆஸ்திரேலியாவில் ஒரு பல் டாக்டர், இந்தக் கூட்டத்தில் பெரிய ஆள், தானே கண்டுபிடிக்கப் போவதாக எழுதியிருந்தார். என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. என்னைக் கேட்காமலே, ‘அடுத்த கடிதத்தில் அந்த ஓவியர் யாரென்று என் மனைவி சொல்வாள்’ என்று எழுதிப் போட்டுவிட்டார்!

“யாரக் கேட்டுங்க எழுதுனீங்க?”

“கேக்க என்னா இருக்கு? ஒங் கண்ணுக்குத் தெரியாத கையா?”

ஒரு மாதம் அந்தப் பக்கங்களோடு மல்லுக்கட்டினேன். அந்தப் பெண்ணின் பாவாடை உட்கார்ந்தால் ஒரு மாதிரி விழும், ஓடினால் ஒரு மாதிரி விழும். இடுப்புச் சுருக்கு எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே தொடங்கும். கையை உயர்த்தினால் அக்குள் தையல் இழுக்கும்! இதை வரைந்த கை ஊசி பிடித்த கை. எனக்கு அது தெரிந்தது. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்தது.

பெண்ணாக இருக்குமோ... என்று ஒரு கணம் தோன்றியது. ஒரே கணம்தான். டாசன் தொகுத்து வந்த ஓவியர் பட்டியலில் நூற்றுக்கணக்கான பெயர்கள், எனக்குத் தெரிந்து அத்தனையும் ஆண்கள். ‘யாரோ ஒரு பெண், பெயர் தெரியாது’ என்று எழுதினால் பல் டாக்டர் தன் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாரே! அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன்.

மறுநாள் மதியச் சாப்பாடு கொடுக்கப் பேக்கரிக்குப் போனேன். மாவு பிசைந்துகொண்டே, “பேரு கெடச்சிருச்சா?” என்றார் அவர். எதிரே அலமாரியில் ஒரு பழைய வெளிநாட்டு பேக்கிங் பவுடர் டப்பா. அதன் மேல் ஹாக்ஸ்டன் என்று எழுதியிருந்தது. என் வாய் சொல்லிவிட்டது: “ஹாக்ஸ்டனுங்க. வில்பர் ஹாக்ஸ்டன்.”

வில்பர் நான் சேர்த்தது. நல்லதாக ஒரு முன்பெயர் இருக்கட்டுமே என்று!

“எப்பிடித் தெரியும்?”

“கையெழுத்து போட்ட பக்கம் ஒண்ணப் பாத்தேங்க, போன மழையில. நீங்க எடுத்து வைக்கிறதுக்குள்ள பன் சுத்திப் போயிருச்சு.”

எவ்வளவு வசதியான பொய் பாருங்கள்! சாட்சியைத் தின்று முடித்தாகிவிட்டது. ஆனால் அவர் விட்டாரா? “அடிப் பாவி!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் மாவு. பன் வாங்கியவர்கள் வீடு வீடாகப் போய்த் தாளைக் கேட்டார். கடைசியில், மொத்தமாகப் பன் வாங்கிப் போகும் தாண்டிக்குடி ஜீப் டிரைவரின் நினைவு வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கேயே போய்விட்டார். அந்த டிரைவர் இவருடைய சிநேகிதர்தான்.

“ஏலே செபஸ்தி, பன்னத் தின்னுட்டுப் பேப்பரப் பத்திரமா வைக்க எனக்கு என்ன வேற சோலி இல்லையா?” என்று சிரித்தாராம். ஒரு தார் மலைவாழைப்பழத்தோடு திரும்பி வந்தார் என் கணவர். நான் அந்தப் பழத்தைச் சாப்பிட்டேன். இனித்தது... அதுதான் கொடுமை.

கடிதம் போயிற்று. ‘திருமதி லூர்துவின் கண்’ மீது யாருக்குச் சந்தேகம்? பட்டியலில் ஏறினார் ஹாக்ஸ்டன். அதற்குப் பிறகு அவர் தானாகவே வளர ஆரம்பித்துவிட்டார்! பல் டாக்டர் இன்னும் மூன்று கதைகளில் அவர் கையைக் கண்டார். கனடாவில் ஒருவர், ஹாக்ஸ்டன் இடதுகைக்காரர் என்று நிரூபித்தார். மற்றொருவர் அவரை ஒரு ரயில் நிலையத்தில் சந்தித்ததாகவும், கொஞ்சம் கூச்ச சுபாவம் என்றும் எழுதினார். பின்னர் யாரோ, இரண்டாம் உலகப் போரில் அவர் இறந்துபோனதாக இரண்டு பத்தி இரங்கல் போட்டார்கள். என் கணவர் உண்மையாகவே கண்கலங்கி, கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார்.

நானும் பக்கத்தில் முழங்காலிட்டேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினேன். அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார். ஆண்டவரே, அன்று நான் சிரித்த சிரிப்பு!

யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் இருந்தேன். எண்பதுகள் பிறந்து, டாசன் என் கணவரைத் தன் இதழின் ஆசியப் பிரதிநிதியாகப் போட்டார். முகாமில் எண்ணாக நின்ற மனிதருக்கு இப்போது ஒரு பதவி! மார்பை நிமிர்த்திக்கொண்டு ரொட்டி போட்டார். அந்த வாரம்தான் ஹேசல் டிம்மன்ஸின் கடிதம் வந்தது.

அமெரிக்காவில் ஏதோ ஒரு சிற்றூர். நடுங்கும் எழுத்து. டாசனிடம் முகவரி வாங்கி எனக்கே எழுதியிருந்தார்.

‘அன்புள்ள திருமதி லூர்து, டெசர்ட் மெயிலை வரைந்தவள் நான். அப்போது ஒரு துணிக்கடையில் தையல் வேலை. ஓய்ந்த நேரத்தில் வரைந்து கொடுப்பேன். எங்களைக் கையெழுத்துப் போட விடமாட்டார்கள். என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. என் தம்பி மகன் அந்தப் பட்டியலைக் காட்டிச் சிரிக்கிறான். எனக்கு எழுபத்தாறு வயது. அந்தப் பட்டியலில் ஒருமுறை என் பெயரைப் பார்த்துவிட ஆசை. நீங்கள் கண்ட கையெழுத்து ஹாக்ஸ்டன்தானா? ஒருவேளை தவறிப் பார்த்திருப்பீர்களா?’

தையல் வேலை! அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபமில்லாமல், எனக்குத் தப்பிக்க ஒரு வழியும் காட்டி எழுதியிருக்கிறார் அந்தப் புண்ணியவதி. ‘ஆமாம், தவறிப் பார்த்துவிட்டேன்’... இது போதும். பொய் என்றுகூட ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கடிதத்தைக் கணவரிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்தார்.

“பாவம், வயசானவங்க. எங்கயோ பாத்தத தாந்தான் வரைஞ்சோம்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. மனசு நோகாம எழுதணும் லூர்து. நான் சொல்லுறேன், நீ எழுது. ஒங் கையெழுத்துதான் நல்லாருக்கும்.”

“ஏங்க... நான் தப்பாப் பாத்திருந்தா?”

கேட்டேன்! கேட்கத்தான் செய்தேன். அவர் என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். “நீயா? தப்பாவா?” அந்த முகத்தில் இருந்த பெருமை... அதை என்னால் உடைக்க முடியவில்லை. இல்லை, இதுவும் பாதிப் பொய். அந்தப் பெருமை எனக்கு வேண்டியிருந்தது. அது இல்லாமல் நான் வெறும் கிழிசல் தைப்பவள் அல்லவா?

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘கையெழுத்தை நான் என் கண்ணால் கண்டேன். வருந்துகிறேன், அம்மா.’ எழுதியது என் கை. மறுநாள் வெள்ளனே தபால் நிலையத்துக்குப் போய்ப் பெட்டியில் போட்டதும் என் கை. வழி நெடுகப் பனிமூட்டம். கிழித்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஏன் கிழிக்கவில்லை? இந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டுக்கொண்டாலும் அந்தப் பெருமைதான் பதிலாக வந்து நிற்கிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே ஒரே ஒரு படம். தபால் லாரி, அந்தப் பெண், மூன்று கால் நாய். கோடுகள் நடுங்கியிருந்தன, ஆனால் பாவாடை அப்படியே விழுந்திருந்தது. அடியில் சின்ன எழுத்தில்: ‘ஒருவேளை நான்தான் தவறாக நினைவு வைத்திருக்கிறேனோ என்னவோ. என் வயதில் அப்படி நடப்பதுண்டு. அந்தப் பக்கங்களை நீங்கள் இவ்வளவு நேசித்ததற்கு நன்றி.’

அவருடைய வாழ்க்கையையே அவர் சந்தேகப்படும்படி செய்துவிட்டேன்... நான்!

என் கணவர் துள்ளிக் குதித்தார். “பாரேன் லூர்து! அச்சு அசலா ஹாக்ஸ்டன் கை! எத்தன வருசம் பாத்துப் பாத்துப் பழகியிருக்கணும் இந்தம்மா!” அன்றே சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டிச் சிரிப்பார். நானும் கூடச் சிரிப்பேன். அந்தப் படம் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும், சிரிக்காமல் இருக்க முடியாது. நாங்கள் இன்றைக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறோம். பட்டியலில் இன்றைக்கும் ஹாக்ஸ்டன்தான் இருக்கிறார்.

இதை நான் ஏன் தமிழில் எழுதுகிறேன் தெரியுமா? ஹேசல் டிம்மன்ஸுக்குத் தமிழ் தெரியாது. என் வீட்டுக்காரரோ, படம் இல்லாத பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார். ஆகவே உங்களிடம் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டிய இரண்டு பேரிடமும் இன்னும் சொல்லவில்லை.